தாயை மறைத்த தாரகை

லண்டனில் அந்த நடிகையின் வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வருவார்கள். படாதிபதிகள் வருவார்கள். அவர்கள் வரும்போதெல்லாம் அந்த வீட்டில் ஒரு வயதான அம்மாளைப் பார்க்கலாம். மாநிறம். வேலைக்காரிக்கு உரிய உடை. இந்தியாவிலிருந்து கூட வந்த பணிப்பெண் என்று விருந்தாளிகள் நினைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது.

உண்மை வேறு. அந்த நடிகையைப் பெற்ற மகளாகப் பாலூட்டி, சீராட்டி வளர்த்தவளே அந்த அம்மாள்தான்!

நடிகையின் பெயர் மெர்ல் ஓபரான். ஆங்கிலப் படங்களில் 40 ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தவர்.

பம்பாயில் பிறந்தவள்

மெர்ல் பிறந்தது 1911 பிப்ரவரி 19-ந்தேதி, பம்பாயில். தகப்பனார் ஆர்தர் தாம்சன் ஆங்கிலேயர். இந்திய ரெயில்வேயில் வேலை பார்த்தவர். வளர்த்த தாய் சார்லட் இலங்கையைச் சேர்ந்தவள். அவள் குடும்பத்தில் இலங்கை ரத்தமும், நியூசிலாந்தின் ஆதிகுடிகளான மாவோரிகளின் ரத்தமும் கலந்திருந்தன.

குழந்தையை வீட்டில் "குவீனி" என்று கூப்பிட்டார்கள். குட்டி ராணி என்று அர்த்தம். பெயர்தான் ராணி, வீட்டில் வறுமை. 1917-ல் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடியேறியது. அங்கே பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்தது. ஆனால் சக மாணவிகள் அவளைக் கலப்பினம் என்று கேலி செய்தார்கள். பாதியிலேயே படிப்பை விட்டாள். பிறகு டெலிபோன் ஆபரேட்டர் வேலை பார்த்தாள். மாலை நேரங்களில் நாடகம்.

அந்த நாளில் ஆங்கிலோ இந்தியர் நிலைமை பரிதாபமானது. வெள்ளைக்காரர் அவர்களைத் தம்மவர் என்று சேர்த்துக்கொள்வதில்லை. இந்தியரும் சேர்த்துக்கொள்வதில்லை. நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருந்தால், வெள்ளைக்காரி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். குவீனி சிவப்பு. அம்மா கறுப்பு. சினிமாவில் முன்பு நடித்த ஒருவர் குவீனியிடம் காதல் கொண்டிருந்தார். ஒரு நாள் சார்லட்டைப் பார்த்தார். அதோடு காதல் போயிற்று! போகிற போக்கில், பிரான்சுக்கு வந்தால் டைரக்டர் ரெக்ஸ் இங்கிரமிடம் சிபாரிசு செய்வதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, 1929 வாக்கில் குவீனி கப்பல் ஏறினாள். சார்லட்டும் கூடப் போனாள்.

கட்டிவிட்ட கதை

லண்டனில் இரவு விடுதியில் வேலை. படங்களில் கும்பலோடு கும்பலாக நிற்கும் வேஷம். அப்போதுதான் அலெக்சாண்டர் கோர்டா கண்ணில் பட்டாள். இவர் ஹங்கேரியிலிருந்து இங்கிலாந்து வந்த பெரிய படாதிபதி. 1933-ல் வெளிவந்த "எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை" படத்தில் ராணி ஆன் போலின் வேஷம் கொடுத்தார். சில நிமிஷமே வரும் வேஷம். அதுவே போதுமானதாக இருந்தது. குவீனி மறைந்தாள், மெர்ல் ஓபரான் பிறந்தார்.

புதுப் பெயருக்குப் புதுப் பிறப்பும் வேண்டுமே! ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரில், வெள்ளைக்காரத் தாய் தந்தைக்குப் பிறந்தவர் என்று கதை கட்டினார்கள். யாரும் போய் விசாரிக்க முடியாத தூரம்!

இப்படிப் பொய் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். அந்நாளைய அமெரிக்காவைப் பார்த்தால் காரணம் தெரியும். இந்தியா உட்பட ஆசியாவின் பெரும் பகுதியிலிருந்து ஆட்கள் குடியேறக் கூடாது என்று அங்கே 1917-ல் சட்டம் செய்தார்கள். இந்தியர் அமெரிக்கப் பிரஜை ஆக முடியாது என்று 1923-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சினிமாவிலோ, வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதாகக் காட்டக் கூடாது என்று கட்டுப்பாடு. ஆசியர் விஷயத்திலும் ஸ்டூடியோக்கள் அதையே கடைப்பிடித்தன. உண்மையைச் சொல்லியிருந்தால் மெர்லுக்குக் கதாநாயகி வேஷம் இல்லை. அவ்வளவுதான்.

"டார்க் ஏஞ்சல்" என்ற படத்துக்காக 1936-ல் அவர் பெயர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் போட்டியில் இடம் பெற்றது. அந்தப் போட்டிக்கு வந்த முதல் ஆசிய வம்சப் பெண் அவர்தான். போட்டி நடத்தியவர்களுக்கு அது தெரியாது! தன்னை ஆசியப் பெண் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் அதே பரிசை வாங்க 2023 வரை ஆயிற்று. மலேசியாவில் பிறந்த மிஷல் யோ வாங்கினார்.

முகத்துக்கு ஒரு விளக்கு

1937-ல் கார் விபத்தில் மெர்லின் முகத்தில் காயம். நடித்துக்கொண்டிருந்த படம் அப்படியே நின்றுபோயிற்று. அதே ஆண்டில் சார்லட்டும் இறந்துபோனாள்.

1939-ல் லாரன்ஸ் ஒலிவியருடன் நடித்த "உதரிங் ஹைட்ஸ்" அவர் புகழின் உச்சம். அதே ஆண்டில் கோர்டாவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1942-ல் கோர்டாவுக்கு "சர்" பட்டம் கிடைத்தது. கல்கத்தா டெலிபோன் பெண், லேடி கோர்டா ஆனார்!

முகப் பூச்சுகள் ஒத்துக்கொள்ளாமல் பின்னால் முகத்தில் மேலும் தழும்புகள் ஏற்பட்டன. காமிராக்காரர் லூசியன் பாலர்டு ஒரு யுக்தி செய்தார். காமிராவை ஒட்டி ஒரு சிறிய விளக்கைப் பொருத்தினார். வெளிச்சம் நேருக்கு நேர் முகத்தில் விழும். பக்கவாட்டில் நிழல் விழாததால் தழும்பு தெரியாது. முகமும் வெளுத்துத் தெரியும். மெர்ல் ஓபரான் பெயரைச் சுருக்கி அதற்கு "ஓபி" என்று பெயர் வைத்தார்கள். இன்றும் சினிமாக்காரர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். விளக்குப் போட்டவரையே, கோர்டாவை விவாகரத்து செய்துவிட்டு, 1945-ல் மணந்துகொண்டார் மெர்ல். அவருக்கு மொத்தம் நான்கு கல்யாணம்.

1949-ல் அவர் செய்த காரியம்தான் மனத்தை உருக்குகிறது. சார்லட்டின் பழைய போட்டோவைக் கொடுத்து, ஓர் ஓவியரிடம் படம் எழுதச் சொன்னார். ஆனால் முகத்தை வெள்ளையாக எழுத வேண்டும் என்று நிபந்தனை! தன் தாய் என்று அந்தப் படத்தை வீட்டில் மாட்டி வைத்துக்கொண்டார். உயிரோடு இருந்தபோது கொடுக்காத இடத்தை இறந்த பிறகு கொடுத்தார். அதையும் நிறத்தை மாற்றித்தான் கொடுத்தார்.

1950-களில் டெலிவிஷனும் அவரை அழைத்தது. பிரெஞ்சு அந்நியப் படை வீரர்களைப் பற்றிய தொடரை 1956, 57-ல் முன்னின்று வழங்கினார். சிலவற்றில் நடித்தார். கடைசிப் படம் 1973-ல் வந்தது.

1978-ல் ஹோபார்ட் நகரசபை அவரை அழைத்து, ஊர்ப் பெண் என்று வரவேற்பு நடத்தியது. இத்தனை நாள் கட்டிக்காத்த கதை அங்கே தொண்டையில் சிக்கிக்கொண்டது. தான் அங்கே பிறக்கவில்லை என்றார். உடம்பு சரியில்லை என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அடுத்த ஆண்டு நவம்பர் 23-ந்தேதி கலிபோர்னியாவில் காலமானார். வயது 68.

இன்னொரு ரகசியம்

1983-ல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு மெர்லின் இந்தியப் பிறப்பை வெளிப்படுத்தியது. ஆனால் அதிலும் முழு உண்மை இல்லை. பம்பாயில் இருந்த பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் சார்லட் அல்ல, கான்ஸ்டன்ஸ்! சார்லட்டின் மகள். அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பாத சிறுமி. ஊர் வாய்க்குப் பயந்து, பேத்தியை மகளாக வளர்த்திருக்கிறாள் சார்லட். மெர்லிடம் கான்ஸ்டன்ஸை அக்காள் என்றே சொல்லியிருந்தார்கள்.

கான்ஸ்டன்ஸுக்குப் பிறகு கல்யாணமாகி வேறு குழந்தைகளும் பிறந்தார்கள். அந்தச் சான்றிதழைத் தேடிக் கண்டுபிடித்தவர் அவர்களில் ஒருவர்தான். மெர்ல் உயிரோடு இருந்தபோது, சகோதரியைப் பார்க்க அமெரிக்காவுக்கே போனார் அவர். மெர்ல் பார்க்க மறுத்துவிட்டார்.