பேட்டரியைக் கழற்றினீர்களா?

மழைக்கு முன் முருங்கைக் கிளையைக் கழிக்க வீட்டில் பேட்டரிச் சங்கிலி ரம்பம் வாங்கியாச்சா? "வயர்தான் இல்லையே, என்ன ஆயிடப் போகுது?" என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே!

பிடுங்கிப்போட பிளக் இல்லை என்பதுதான் இதில் ஆபத்தே. சத்தம் நின்றிருந்தாலும், பேட்டரி உள்ளே இருக்கும்வரை விசை தவறி அழுந்தினால் சங்கிலி ஓடத் தொடங்கிவிடும். சிக்கிய சிராயை எடுக்கவோ, சங்கிலியை இறுக்கவோ, எண்ணெய் விடவோ, முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்.

புடவைத் தலைப்பு, பின்னல் எதுவும் தொங்க வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கனமான ஷூவும் அவசியம். இரண்டு கையாலும் இறுகப் பிடியுங்கள். ரம்பத்தின் மூக்கு நுனி கிளையில் இடித்தால் முகத்தை நோக்கி எகிறும். ஏணிமேல் நின்றோ, தோளுக்கு மேலே தூக்கியோ அறுக்கவே கூடாது.

வேலை முடிந்ததா? ரம்பம் பரண்மேல், பேட்டரி பீரோவில். குழந்தை கைக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்காதல்லவா!