படகுக்காக வாதாடிய ஜெனரல்

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் பொதுமக்கள் ரயில் கிளம்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களுக்குச் செலவிடுங்கள் என்று அதே காலத்தில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார் ஒரு ராணுவப் பொறியாளர். பின்னாளில் ஜெனரல் சர் ஆர்தர் காட்டன் ஆனவர்.

1803-ல் பிறந்தவர். 1821-ல் கும்பினியின் மதராஸ் இன்ஜினியர்ஸ் படை அதிகாரியாக இங்கே வந்து இறங்கினார். முதல் பர்மியப் போருக்குப் போய்வந்தார். யுத்தம் என்று சொல்ல அவ்வளவுதான். மீதி வாழ்க்கை முழுக்க ஆறுகளோடு. 1836-ல் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் கொள்ளிடத்தின் குறுக்கே அணை எழுப்பினார். அடிகாணா மணலில் கட்டுமானத்தை நிற்கவைக்கும் வித்தையைக் கல்லணையிடமிருந்துதான் கற்றோம் என்று பிற்பாடு அவரே ஒளிக்காமல் எழுதினார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது அந்த இடத்தில்தான். பிறகு 1852-ல் முடிந்த தவளேசுவரம் அணை. கோதாவரிக்கரை விவசாயிகள் இன்றும் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள்.

ரயிலைத் தெரியாமல் எதிர்த்தவரில்லை. சாலைபோடக் கல் கொண்டுவர, 1837-ல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை போட்ட தண்டவாளத்தில் அவர் பங்கு உண்டு. ராயபுரம் நிலையத்துக்கு அது 19 வருடம் மூத்தது! ஆனால் நெல், உப்பு, விறகு போன்ற கனத்த, விலை குறைந்த சரக்கை ரயிலில் ஏற்றினால் கட்டுபடியாகாது என்றார். கால்வாய் என்றால் படகும் ஓடும், வயலுக்கும் பாயும்.

படகு ஓடும் கால்வாய் மதராஸிலேயே இருந்தது. பேசில் காக்ரேன் 1806-ல் எண்ணூர் வரை வெட்டிய உப்புநீர்க் கால்வாய் அது. பாசனத்துக்கு உதவாது, ஆனால் விறகும் உப்பும் படகில் நகருக்கு வந்தன.

தாது வருஷப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். ரயில் தானியத்தைக் கொண்டுவந்தது. வாங்கக் காசில்லாதவனுக்கு அதனால் என்ன பயன்? பாசனம் இருந்திருந்தால் ஊரிலேயே விளைந்திருக்கும் என்ற காட்டன் வாதம் அப்போது இன்னும் கூர்மையானது. காக்ரேன் கால்வாயின் நீட்சியாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை அப்போதுதான் பஞ்ச நிவாரணக் கூலிகள் வெட்டினார்கள். 1878-ல் கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்ஹாம் பெயர் கிடைத்தது. அதே ஆண்டு, 75 வயதில், லண்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் காட்டன் சாட்சி சொன்னார். குழு அவர் பக்கம் சாயவில்லை. 1899-ல், 96 வயதில், இறந்தார்.

ரயில் ஜெயித்தது. தென்சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டிருக்கிறோம். வடக்கே திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் பகுதியில் சாக்கடையும் ஆலைக்கழிவும் ஓடுகின்றன. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய்க் கழிவு இந்த வழியாகவே எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. மீனவர்களின் வலையும் படகும் நாசமாயின. கால்வாயைத் தூர்வாருவதற்கு முன் அந்தக் கழிவை மூலத்திலேயே நிறுத்த வேண்டும். அதைச் செய்யாமல் கரைக்கு வேலி போடுவதிலும் பூங்கா வைப்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை.

அடுத்த வாரம்: எண்ணூர் உப்பளங்கள்.

(தொடரும்)