கம்ப்யூட்டர் ‘மக்கர்’ செய்கிறதா? பதறாதீர்கள்!

மாதக் கடைசி. பில் போட வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்ப வேண்டும். சுவிட்சைத் தட்டினால் கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை!

தாராவி தோல் பட்டறையானாலும் சரி, மாட்டுங்கா அலுவலகமானாலும் சரி, அன்றைய பிழைப்பு அதோடு நின்று விடும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தக் கதி நேர்ந்தது உண்டு. 2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டி முடங்கின. இந்திய விமான நிலையங்களில் ‘போர்டிங் பாஸ்’களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றுதான் காரணம். எந்திரங்களில் எந்தப் பழுதும் இல்லை!

ஆகவே, பழுது எங்கே என்று முதலில் பாருங்கள்.

விளக்கே எரியவில்லையா?

மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகினால் தெரிந்து விடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ். ஆகியவற்றைச் சோதியுங்கள். பெட்டியின் பின்புறம் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். கூட்டிப் பெருக்கும்போது அது அணைந்திருக்கலாம்.

லேப்டாப் என்றால், சார்ஜரைக் கழற்றி விட்டு, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரை இருட்டா?

மானிட்டர் கேபிளைக் கழற்றி இறுக்கமாக மாட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ‘ராம்’ மீது சந்தேகப்படலாம். மும்பையின் மழைக்கால ஈரமும் தூசியும் அதன் முனைகளில் படியும்.

பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு விட்டு, ‘ராம்’ பட்டையைக் கழற்றுங்கள். பொன்னிற முனைகளை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டி விடுங்கள். ‘கிளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள்.

மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து!

பாதியில் நிற்கிறதா?

‘பூட் டிவைஸ்’ இல்லை என்று திரை சொன்னால், செருகி மறந்த பென் டிரைவைப் பிடுங்கி விட்டுப் பாருங்கள். தேதி தவறாகக் காட்டினால், மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்திருக்கலாம். ஹார்டு டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்து விடுங்கள். மீண்டும் மீண்டும் முயன்றால் உள்ளே இருப்பதும் போய் விடும்.

தண்ணீர் புகுந்ததா?

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியதை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. நனைந்து விட்டால் சுவிட்சைப் போடவே கூடாது.

கடைக்குப் போகும் முன்...

இத்தனைக்கும் எழவில்லை என்றால் கடைக்குக் கொண்டு போகத்தான் வேண்டும். கிராண்ட் ரோடு ரெயில் நிலையம் அருகே உள்ள லேமிங்டன் ரோட்டில் கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

ஹார்டு டிஸ்க்கின் சீரியல் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

“பார்மட் போட்டால் சரியாகி விடும்” என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கடைக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ், ஊரில் எடுத்த கல்யாணப் படங்கள் எல்லாம் அழிந்து விடும். ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பிரதி எடுக்கலாம். ‘பிட்லாக்கர்’ பூட்டு இருந்தால் 48 இலக்கச் சாவி எண் தேவைப்படும்.

கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கிக் கொள்ளலாம். கணக்கு போனால் கடையில் கிடைக்காது. வாரம் ஒரு முறை பென் டிரைவில் பிரதி எடுத்து, பீரோவில் வைத்து விடுங்கள்.