மண் அங்ககக் கரிமமும் நிலப் பயன்பாடும்

மண் அங்ககக் கரிமம் என்பது மண்ணில் மட்கிய நிலையிலும் மட்கிக்கொண்டிருக்கும் நிலையிலும் உள்ள தாவர, விலங்கு, நுண்ணுயிர்ப் பொருட்களில் அடங்கியுள்ள கரிமம் ஆகும். உலக மண்ணில் உள்ள இக்கரிமம், வளிமண்டலத்தில் கரியமில வாயுவாக உள்ள கரிமத்தை விட மிகுதியானது. ஒரு நிலம் காடாகவோ, புல்வெளியாகவோ, பயிர்நிலமாகவோ இருப்பதைப் பொறுத்து இதன் அளவு மாறுபடுகிறது.

வரவும் இழப்பும்

சருகுகளும் வேர்களும் மண்ணில் சேர்வது கரிமத்தின் வரவு ஆகும். நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைத்துக் கரியமில வாயுவாக வெளிவிடுவது இழப்பு ஆகும். உழும்போது மண்கட்டிகள் உடைவதால், அவற்றினுள் காக்கப்பட்டிருந்த அங்ககப் பொருள் விரைவாகச் சிதைகிறது. அறுவடையில் தாவரப் பொருள் அகற்றப்படுவதால் வரவும் குறைகிறது. மண்ணரிப்பு இழப்பை மேலும் கூட்டுகிறது.

நிலப் பயன்பாட்டு மாற்றம்

பல நாடுகளின் ஆய்வு முடிவுகளைத் தொகுத்து குவோ, கிஃபோர்ட் ஆகியோர் 2002 இல் வெளியிட்ட சராசரி மாற்றங்கள் பின்வருமாறு:

* மேய்ச்சல் நிலம் பயிர்நிலமாதல் - 59% குறைவு
* இயற்கைக் காடு பயிர்நிலமாதல் - 42% குறைவு
* பயிர்நிலம் மேய்ச்சல் நிலமாதல் - 19% உயர்வு
* பயிர்நிலம் மீண்டும் காடாதல் - 53% உயர்வு

உயர்வு விழுக்காடு, குறைந்துபோன அளவிலிருந்தே கணக்கிடப்படுகிறது. 100 பங்கு கரிமம் கொண்ட காட்டு மண் 42% இழந்தால் 58 பங்கு எஞ்சும். அது 53% உயர்ந்தாலும் ஏறத்தாழ 89 பங்கே ஆகும். எனவே இழந்தது முழுமையாக மீள்வதில்லை.

பிராட்பாக் வயல்

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் உள்ள பிராட்பாக் வயலில் ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் ஆகியோர் 1843 இல் கோதுமை ஆய்வைத் தொடங்கினர். 1882 இல் இவ்வயலின் ஒரு சிறு பகுதி வேலியிடப்பட்டு, அறுவடை செய்யப்படாமல் விடப்பட்டது. அது படிப்படியாகக் காடாகியது. சுமார் நூறு ஆண்டுகளில் அதன் மேல்மண்ணின் அங்ககக் கரிமம் இரு மடங்குக்கும் மேலாகியது.

பயிர்நிலமாகவே நீடித்த பகுதியில், ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் தொழுவுரம் இடப்பட்ட பாத்தியிலும் கரிமம், உரமிடாத பாத்தியில் உள்ளதை விட இரு மடங்குக்கும் மிகுதியாக உள்ளது. இவ்வுயர்வு தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்ந்தது.

முக்கியத்துவம்

அங்ககக் கரிமம் மிகுந்த மண் நீரையும் பயிர்ச்சத்துகளையும் நன்கு தேக்கி வைக்கிறது. ஆயினும் மண்ணில் கரிமம் முடிவின்றிச் சேர்வதில்லை. வரவும் இழப்பும் சமமாகும்போது உயர்வு நின்றுவிடுகிறது. சேர்ந்த கரிமமும் நிலம் மீண்டும் உழப்பட்டால் வளிமண்டலத்துக்குத் திரும்புகிறது. ஆகவே புதிதாகக் கரிமத்தைச் சேர்ப்பதை விட, இருக்கும் காடுகளையும் புல்வெளிகளையும் உழாமல் காப்பது முதன்மையானது ஆகும்.