தருபவருக்கு வரவு வை!

பி.காம். படித்தவனுக்கு 'கிரெடிட்' என்றால் ஒன்றுதான் தெரியும். பேரேட்டில் வலது பக்கம் எழுதுவது! சினிமாவில் ஆரம்பத்தில் ஓடும் பெயர்களுக்கும் அதே பெயர்தான் என்பதை 8,000 ரூபாய் செலவழித்துத் தெரிந்துகொண்டேன்.

அக்கா பையன் விஸ்காம் கடைசி வருஷம். குறும்படம் எடுத்துக் கொடுத்தால்தான் மார்க்காம். "மாமா, நீங்கதான் புரொட்யூசர்" என்றான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பர்ஸ் படுத்துவிட்டது.

கதை, எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனைப் பற்றி. ராத்திரி முழுக்க விழித்திருக்கும் மனுஷர், பகலில் தூங்க ஓர் இடம் தேடி அலைகிறார். அவ்வளவுதான். நடித்தவரும் அதே பெரியவர்தான். இரண்டு நாள் பகல் தூக்கத்தை எங்களுக்காக விட்டுக்கொடுத்தார். காசு கேட்கவில்லை. "எம் பேரு வருமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"கண்டிப்பா வரும் தாத்தா" என்றான் டைரக்டர்.

படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். மொத்தம் 12 நிமிஷம். அதில் முதல் 2 நிமிஷம் 40 செகண்டுக்குப் பெயர்கள் மட்டுமே! நெருப்புப் பற்றி எரியும் எழுத்தில் கம்பெனி பெயர். 'டமார்' என்ற சத்தத்தோடு என் பெயர் பறந்து வந்து நின்றது. (அது நன்றாகத்தான் இருந்தது!) பின்னணியில் ஏதோ ஒரு ஹிட் படத்தின் அதிரடி இசை. நன்றி லிஸ்ட்டில் டீக்கடைக்காரர் முதல் ஹாஸ்டல் சமையல்காரர் வரை 23 பேர். நடுவில் என்னமோ பளிச்சென்று வந்து மறைந்தது.

"அது என்னடா?"

"வாட்ச்மேன் தாத்தா பேரு மாமா."

பெரியவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். கேட்டில் வண்டி நம்பர் எழுதவே நிதானமாக நேரம் எடுத்துக்கொள்வார். முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள் பெயர் போய்விடும். கல்லூரியில் படம் போடும் நாளுக்குப் பேத்தியோடு வருவதாக வேறு சொல்லியிருந்தார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

ஆபீஸில் ஒரு சினிமாப் பைத்தியம் உண்டு. டிபன் பாக்ஸைத் திறந்தபடியே புலம்பினேன். "சார், 'டச் ஆஃப் ஈவில்' பார்த்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்தார். ஊறுகாய் காய்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.

ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1958-ல் வந்த படம். மெக்சிகோ எல்லை ஊரில் ஒருவன் காரின் டிக்கியில் டைம் பாம் வைக்கிறான். அந்தக் கார் ஊருக்குள் நகர்கிறது. மூன்று நிமிஷத்துக்கும் மேலாக ஒரு வெட்டுகூட இல்லாமல் கேமரா கூடவே போகிறது. பாம் எப்போது வெடிக்கும் என்று நாம் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம். ஸ்டூடியோ என்ன செய்தது தெரியுமா? அந்தக் காட்சியின் மேலேயே எல்லார் பெயரையும் ஓடவிட்டு, ஹென்றி மான்சினியின் இசையையும் போட்டுவிட்டது.

இசை நல்ல இசைதான். ஆனால் வெல்ஸ் நினைத்தது வேறு. தெருவில் கார் போகப்போக, கார் ரேடியோ, வழியிலுள்ள பார்கள் என்று ஒவ்வொரு இடத்துப் பாட்டும் வந்து வந்து போக வேண்டும் என்பது அவர் கணக்கு. படத்தில் செய்ய வேண்டிய மாற்றங்களை 58 பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். பெரும்பாலும் எடுபடவில்லை. 1985-ல் இறந்தும் போனார். 1998-ல் வால்டர் மர்ச் என்ற எடிட்டர் அந்த 58 பக்கத்தை வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பத் தொகுத்தார். ஆரம்பத்தில் பெயரும் இல்லை, அந்த இசையும் இல்லை. தெருவின் சத்தம் மட்டும். அதே காட்சி, அதே கார்! ஆனால் இப்போது நம் காது பாமைத் தேடுகிறது.

"அப்ப பேரே போடக்கூடாதா?" என்றேன்.

"யார் சொன்னா? 1968-ல் செர்ஜியோ லியோன் எடுத்த 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' பாருங்க. ரயிலுக்காக மூணு ரவுடிங்க காத்திருப்பாங்க. காத்தாடி கிரீச்சுங்கும், ஈ பறக்கும், தொப்பியில தண்ணி சொட்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவுல நிதானமா பேர் வந்துட்டே இருக்கும். சங்கீதமே கிடையாது. அப்புறம் ஒரு மவுத்ஆர்கன் சத்தம் வரும் பாருங்க... முதுகு சில்லுங்கும்!"

ஞாயிற்றுக்கிழமை மருமகனை உட்காரவைத்து இரண்டையும் காட்டினேன். பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, இன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திருப்பீங்களா?" என்றான்.

எழுந்தேன். பெரியவர் பின்னாலேயே போனோம். தடியால் தரையைத் தட்டும் சத்தம், விசில், தூரத்து லாரி, நாய், எல்லாவற்றையும் செல்போனில் பிடித்தான். கடைசியில் என்னையும் பெரியவரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, முப்பது செகண்ட் வெறும் ராத்திரியையும் பதிவு செய்தான். "நிசப்தமும் இடத்துக்கு இடம் வேற மாமா. இது இல்லேன்னா வெட்டுன இடமெல்லாம் காதுல இடிக்கும்."

ஹிட் பட இசையைத் தூக்கி எறிந்தோம். அது நம்முடையது இல்லை. நாளைக்குப் படவிழாவுக்கு அனுப்பினால், இசைக்கு உரிமை எங்கே என்று கேட்பார்கள். பெரியவரின் ரேடியோவில் பாட்டு வைக்கலாம் என்றால், அதற்கும் உரிமைக்காரர் உண்டு. கடைசியில் ஹாஸ்டல் பையன் ஒருவன் சொந்தமாக ஒரு மெட்டை முணுமுணுத்தான். அதை ஒரு மட்டமான ஸ்பீக்கரில் ஓடவிட்டு, வாட்ச்மேன் அறை மூலையிலிருந்து மறுபடி பதிவு செய்தோம். நிஜ ரேடியோ மாதிரியே கேட்டது. நம்ம வால்டர் மர்ச்சும் 1973-ல் வந்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்துக்கு இப்படித்தான் செய்திருக்கிறார். இதற்கு 'வேர்ல்டைசிங்' என்று பேராம்.

புது ஆரம்பம் 50 செகண்ட்தான். திரை இருட்டு. 'டக்...' தடிச் சத்தம், ஒரு பெயர். மறுபடி 'டக்...' இன்னொரு பெயர். நன்றி சொல்ல வேண்டிய 23 பேரும் படத்தின் கடைசிக்குப் போனார்கள். கூடவே புரொட்யூசரும்! "மாமா, கோபமா?" என்றான். இல்லை என்றேன். (லேசாக இருந்தது.)

கல்லூரி ஹாலில் விளக்கை அணைத்தார்கள். டக்... டக்... பிறகு நீளமாக ஒரு விசில். இருட்டில் பெரியவர் பெயர் மட்டும் தனியாக வந்து நின்றது. முழுசாக ஏழு செகண்ட். என் பக்கத்து சீட்டில் அவர் உதடு அசைவது தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். கடைசி எழுத்தையும் சொல்லி முடித்த பிறகுதான் பெயர் மறைந்தது.

"தாத்தா, ஒம் பேரு!" என்றாள் பேத்தி. "ஷ்... படம் பாரு" என்றார் பெரியவர். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

பிளஸ் ஒன்னில் கணக்கு வாத்தியார் மனப்பாடம் செய்யச் சொன்ன விதி ஒன்று உண்டு. பெறுபவருக்குப் பற்று வை, தருபவருக்கு வரவு வை. அன்றைக்குத்தான் அந்த விதி எனக்குச் சரியாக டேலி ஆனது!