ஒலிபெருக்கி ஏன் ஒலிக்கவில்லை?

கேட்டல் பயிற்சிக்காக மாணவர்கள் கணினியின் முன் அமர்ந்திருக்கின்றனர். புதிய யூஎஸ்பி ஒலிபெருக்கி கணினியில் செருகப்பட்டிருக்கிறது. அதன் சிறு விளக்கும் எரிகிறது. ஒலிப்பதிவை இயக்கியதும் திரையில் நொடிகள் ஓடுகின்றன. ஆனால், ஓசை எதுவும் வரவில்லை. "ஒலிபெருக்கி கெட்டுப்போய்விட்டது" என்று சிலர் முடிவு செய்வர். கணினி லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளத்தில் இயங்கினால், அந்த இயங்குதளத்தையே குறைகூறுவோரும் உண்டு. உண்மையில், பல வேளைகளில் ஒலிபெருக்கியும் பழுதாகியிருக்காது. இயங்குதளத்திலும் கோளாறு இருக்காது. ஒலி வேறொரு வழியில் சென்றுகொண்டிருக்கும்.

திறந்த மூல மென்பொருள் என்பது, தன் மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருடன் பகிரவும் உரிமை வழங்கும் மென்பொருளாகும். 1991-ஆம் ஆண்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். அதை அடிப்படையாகக் கொண்டு டெபியன், ஃபெடோரா, உபுண்டு முதலிய இயங்குதளங்கள் உருவாயின. இவற்றைக் கட்டணமின்றிப் பெறலாம். வேகம் குறைந்த பழைய கணினிகளுக்கு ஏற்ற எளிய பதிப்புகளும் உள்ளன. கினோம், கேடிஈ ஆகிய திரைச் சூழல்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கி வருவதால், பட்டியல்களில் பலவற்றைத் தமிழிலேயே காணவும் முடியும்.

யூஎஸ்பி ஒலிபெருக்கி இயங்கும் முறையை அறிந்தால், ஓசை வராத புதிர் விளங்கும். கணினியில் ஒலி எண்களாகவே சேமிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, இசைக் குறுந்தட்டில் ஒரு நொடி ஒலியைக் குறிக்க இடப்பக்கத்துக்கு 44,100 எண்களும் வலப்பக்கத்துக்கு 44,100 எண்களும் பதிவாகியிருக்கும். இந்த எண்களை ஏறி இறங்கும் மின்னோட்டமாக மாற்றினால்தான் ஒலிபெருக்கியின் கூம்பு அதிர்ந்து ஓசை எழுப்பும். அவ்வாறு மாற்றும் பகுதி ஒலி அட்டை எனப்படும். சாதாரண ஒலிபெருக்கிக்குக் கணினியின் உள்ளே இருக்கும் ஒலி அட்டையே இந்த வேலையைச் செய்கிறது. யூஎஸ்பி வழியாக ஒலியைப் பெறும் ஒலிபெருக்கியிலோ, இந்த வேலையைச் செய்யும் பகுதி அதனுள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும்.

ஆகவே, அத்தகைய ஒலிபெருக்கியைச் செருகியவுடன் கணினிக்கு இரண்டு ஒலி அட்டைகள் கிடைத்துவிடுகின்றன. சில கணினிகள் புதிய கருவிக்குத் தாமாகவே மாறிக்கொள்ளும். சில கணினிகளோ பழைய வழியிலேயே ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும். விருந்தினர் முன்வாசலில் காத்திருக்க, வீட்டுக்காரர் பின்வாசலைத் திறந்து பார்ப்பதைப் போன்ற நிலை இது. இதனைச் சரிசெய்ய, ஒன்றன்பின் ஒன்றாகச் சில படிகளைப் பின்பற்ற வேண்டும்.

முதலாவதாக, இணைப்பு வடத்தைக் கவனிக்க வேண்டும். கடைகளில் யூஎஸ்பி ஒலிபெருக்கி என விற்கப்படுபவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சிலவற்றில் யூஎஸ்பி முனை மின்சாரத்தை மட்டுமே பெறுகிறது. ஒலியைப் பெறுவதற்கு, ஹெட்ஃபோன் துளையில் செருகும் 3.5 மில்லிமீட்டர் முனை ஒன்று தனியாக இருக்கும். அதைச் செருக மறந்தால் விளக்கு எரியும், ஓசை வராது.

இரண்டாவதாக, ஒலி செல்லும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உபுண்டுவில் அமைப்புகள் பகுதியைத் திறந்து, ஒலி என்பதைச் சொடுக்கினால், வெளியீட்டுக் கருவிகளின் பட்டியலைக் காணலாம். அதில் யூஎஸ்பி ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர், சோதனைப் பொத்தானை அழுத்தினால் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே ஒலிக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். பெரும்பாலான யூஎஸ்பி ஒலிபெருக்கிகள் பொதுவான தரநிலை ஒன்றைப் பின்பற்றுகின்றன. அத்தரநிலைக்கான இயக்கி நிரல் லினக்ஸிலேயே அடங்கியிருப்பதால், வேறு எதையும் நிறுவத் தேவையில்லை.

மூன்றாவதாக, ஒலியளவைச் சரிபார்க்க வேண்டும். ஒலியளவு ஒரே இடத்தில் மட்டும் கட்டுப்படுத்தப்படுவதில்லை. ஒலிபெருக்கியின் திருகு, கணினியின் ஒலி அமைப்பு, பாடலையோ காணொளியையோ இயக்கும் செயலி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று அடக்கி வைக்கப்பட்டிருந்தாலும் ஓசை கேட்காது. மேலும், முன்பே திறந்திருந்த செயலி பழைய வழியையே பற்றிக்கொண்டிருக்கக்கூடும். அதனை மூடி மீண்டும் திறந்தால் புதிய வழிக்கு மாறக்கூடும்.

பட்டியலில் ஒலிபெருக்கியின் பெயரே இல்லாவிட்டால், அதனை வேறொரு யூஎஸ்பி துளையில் செருகிப் பார்க்கலாம். அதன்பின், முனையம் எனப்படும் கட்டளைச் சாளரத்தில் 'எல்எஸ்யூஎஸ்பி' என்னும் கட்டளையை இட்டால், கணினி கண்டறிந்துள்ள யூஎஸ்பி கருவிகள் அனைத்தும் வரிசையாகத் தோன்றும். அவற்றுள் ஒலிபெருக்கி இருந்தால், கணினி அதைக் கண்டுகொண்டது எனப் பொருள். எனவே, கோளாற்றை ஒலி அமைப்புகளில் தேட வேண்டும். அவ்வரிசையில் அது இல்லையென்றால் வடம், துளை, ஒலிபெருக்கி ஆகியவற்றுள் ஒன்றைச் சந்தேகிக்கலாம். மற்றொரு கணினியில் செருகிச் சோதித்தால் ஐயம் தீரும்.

சில வேளைகளில் ஓசை வந்தாலும் கரகரப்பாக இருக்கும். இதற்கு மின்சாரக் குறைவு ஒரு காரணமாகலாம். யூஎஸ்பி 2.0 துளையிலிருந்து ஒரு கருவி 5 வோல்ட்டில் அதிகபட்சமாக 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட் மின்சாரத்தைப் பெறலாம். தனி மின்னிணைப்பு இல்லாத பல்துளை இணைப்பானில் விசைப்பலகை, சுட்டி, விரலி ஆகியவற்றோடு ஒலிபெருக்கியையும் செருகினால், அவை அனைத்தும் ஒரே துளையின் மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள நேரிடும். ஒலிபெருக்கியை நேரடியாகக் கணினியில் செருகுவதே நல்லது.

இப்படிகள் அனைத்தையும் முடிக்கப் பெரும்பாலும் சில நிமிடங்களே போதும். எனினும், ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றிவிட்டால், எந்த மாற்றத்தால் கோளாறு தீர்ந்தது என்பது தெரியாமல் போய்விடும். ஒன்றை மாற்றிச் சோதித்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். சோதித்துப் பார்க்கும் பொறுமை இல்லாதபோது, நன்றாக உள்ள கருவிகளும் குப்பைக்குப் போகின்றன. அவற்றுக்கு மாற்றாகப் புதியவை வாங்கப் பணமும் செலவாகிறது.

கண்ணுக்கு விளக்கு எரிந்தது. அதனால் இணைப்பு சரி என்று தோன்றியது. காதுக்கு ஓசை எட்டவில்லை; அதனால் ஒலிபெருக்கி பழுது என்று தோன்றியது. இவ்விரண்டுமே தவறான முடிவுகளாக இருக்கலாம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழி கணினிக்கும் பொருந்தும்.