மருத்துவச்சியும் செவிலியும்

ஒரு பணி கைமாறுங்கால் அதன் பெயரும் மாறுதல் இயல்பு. நேமத்தான்பட்டி முதலிய செட்டிநாட்டு ஊர்களில் தாய்சேய் நலம் பேணிய முறையை ஆராயப் புகுவார்க்கு 'மருத்துவச்சி', 'செவிலி' என்னும் இரு சொற்களும் நல்ல வாயில்களாகும்.

இவ்வூர்களின் ஆடவர் பலர் பர்மா, மலேயா முதலிய நாடுகளில் வாணிகம் செய்திருந்த காலத்து, மகப்பேறு பெரும்பாலும் வீட்டகத்தே பெண்டிர் துணையோடு நிகழ்ந்தது. உடனிருந்து உதவியவள் மருத்துவச்சி. 'மருத்துவம் பார்த்தல்' என்னும் தொடர் நாட்டுப்புற வழக்கில் மகப்பேறு பார்த்தலையே குறிப்பதுண்டு. கலை முழுவதற்கும் உரிய பெயரை அதன் ஒரு கூறு பெற்றமை, அக்கூற்றின் இன்றியமையாமையைப் புலப்படுத்தும். ஆயினும் தமிழகத்துச் சிற்றூர்களில் இப்பணியாற்றியோருள் பலர் முடிதிருத்துவோர் குடிமகளிர். பெயர் உயர்ந்திருந்தும் அவர்தம் நிலை உயர்ந்திலது.

செவிலியின் வரலாறு வேறு. தொல்காப்பியர் அவளை அகப்பொருள் மாந்தருள் ஒருத்தியாக வைத்தார். அவள் தலைவியை வளர்த்த தாய். நோயாளர்ப் பேணுதல் அவள் தொழிலன்று. அச்சொல்லே இன்று மருத்துவமனைப் பணியாளரைச் சுட்டுகின்றது. தமிழ்நாட்டரசின் 'கிராம சுகாதாரச் செவிலியர்' என்னும் பதவிப் பெயரும் இதனின்றே அமைந்தது.

இம்மாற்றத்தின் பின்னணியில் சட்டமும் உண்டு. சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை 1844-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. சிற்றூர்களுக்கோ அது எட்டாத் தொலைவு. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய்சேய் நலத்தை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பரவலாயின. கொடையாளர் விருப்பத்தையும் குடிவழக்கத்தையும் சார்ந்திருந்த பணி, தாயொருத்தி கேட்டுப் பெறும் உரிமையாயிற்று.

பழைய முறை யாவும் நன்றெனல் பொருந்தாது. தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடி அறுத்தமையால் இசிவுநோய் கண்டு இறந்த சேய்கள் பல. பயிற்சியும் தடுப்பூசியும் பரவிய பின்னரே, 2015-இல், இந்தியா அந்நோயை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. பிறந்த சேய்க்குச் சீம்பால் மறுத்துச் சேனை வைத்தலையும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை.

எனினும், 'சேனை', 'உரைமருந்து', வசம்பிற்கு வழங்கும் 'பிள்ளைவளர்ப்பான்' முதலிய சொற்களைப் பேணிவந்தோர் வீட்டுப் பெண்டிரும் மருத்துவச்சியருமே. முறையை விலக்கலாம்; சொல்லை விலக்கின் அதனைக் கையாண்டோர் வரலாறும் உடன் மறையும். ஆதலின், முதுமகளிர் நாவில் எஞ்சியுள்ள இச்சொற்களை ஊர்தோறும் தொகுத்தல் தமிழாய்வாளர் தம் உடனடிக் கடன் என்பது எம் துணிபு.